வெளிக்கை

"அஞ்சு" என்ற குரல் கேட்டபோது அதில் தப்பு இருப்பதாக ஜானகிராமனுக்குப் படவில்லை. மூன்று மாதமாகத் தினமும் சாயங்காலம் எண்ணிக்கை ஐந்து வரைக்கும்தான் போகும். அன்றைக்கும் ஐந்து வரைக்கும் போனது. கணக்கு சரியாக இருக்கிறதென்று அவன் பாட்டுக்கு அடுத்த அடியை எடுத்து வைத்தான். கரையேறி, டவுசரைப் பிழிந்துகொண்டு ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தபோதுதான் உறைத்தது. அன்றைக்குத் தண்ணீரில் இறங்கியது நான்கு பேர்.

மாமல்லபுரத்தில், சுற்றுலா பஸ்கள் ஆட்களைக் கொட்டிவிட்டுப் போகிற மணலில், சிவப்பு பனியன் போட்ட லைஃப்கார்டுகள் மொத்தம் ஐந்து பேர். தலைவர் காத்தவராயன், பக்கத்துக் குப்பத்துக்காரர், ஐம்பதை நெருங்கும் வயது. அவருடைய சித்தப்பா மகன் தனக்கோடி. எதற்கெடுத்தாலும் கிண்டல் பண்ணும் ஜெபக்குமார். போன மாதம்தான் பெண்குழந்தைக்கு அப்பாவான லோகு. நால்வரும் கடல் சத்தத்தில் பிறந்து வளர்ந்தவர்கள். ஜானகிராமன் மட்டும் செங்கல்பட்டுப் பக்கம் நெல் விளைகிற ஊர். கொளவாய் ஏரியில் நீச்சல் பழகியவன். பிறகு கேளம்பாக்கத்தில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் நீச்சல் குளத்தில் இரண்டு வருஷம் காவல் இருந்தான். அதனால் இங்கே அவனுக்கு வைத்த பெயர் 'ஏரி'. யாரும் அவனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, மச்சான் என்றும் கூப்பிட்டதில்லை. மத்தியானம் நான்கு பேரும் படகு நிழலில் வட்டமாக உட்காருவார்கள். அவன் கொட்டகைக்கு அந்தப் பக்கம் தனியாகத் தயிர்சாதப் பொட்டலத்தைப் பிரிப்பான்.

ஐந்தரை மணிக்கு விசில் ஊதிக் குளிக்கிறவர்களை எல்லாம் வெளியேற்றிய பிறகு 'கோர்வை' என்று ஒரு வேலை உண்டு. ஐந்து பேரும் ஒருவர் மணிக்கட்டை ஒருவர் பிடித்து வரிசையாகத் தண்ணீரில் நிற்பார்கள். முதல் ஆளுக்கு முழங்கால் ஆழம், கடைசி ஆளுக்கு மார்பு ஆழம். அப்படியே கரையை ஒட்டிக் கால்களால் தரையைத் துழாவிக்கொண்டே நடப்பார்கள். புதிதாகக் குழி விழுந்திருக்கிறதா, யாராவது கிடக்கிறார்களா என்று பார்ப்பதற்காக. அலை எழுந்தால் பக்கத்து ஆளின் முகம்கூடத் தெரியாது. அதனால் பத்தடிக்கு ஒருதரம் எண்ணிக்கை. கரைப்பக்கம் நிற்கும் காத்தவராயன் "லாபம்" என்பார். "ரெண்டு" தனக்கோடி. "மூணு" ஜெபக்குமார். "நாலு" ஜானகிராமன். "அஞ்சு" லோகு. கடைசியில் நிற்கும் லோகுவுக்குக் கடல் பக்கத்துக் கை சும்மா இருக்கும். அதற்கு வெளிக்கை என்று பெயர். அதைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டுதான் நடக்க வேண்டும். தண்ணீரில் விடக்கூடாது.

களத்தில் நெல் அளக்கும்போது ஜானகிராமனின் அப்பாவும் முதல் மரக்காலை லாபம் என்றுதான் சொல்வார். நெல்லுக்குச் சொன்னால் அர்த்தம் இருக்கிறது. தண்ணீரில் நிற்கும் ஆளை எண்ணுவதற்கு எதற்கு லாபம் என்று அவன் நினைத்ததுண்டு, கேட்டதில்லை. கேட்டால் ஜெபக்குமார் அதைவைத்து ஒரு வாரம் ஓட்டுவான்.

அந்தத் திங்கட்கிழமை காத்தவராயன் தங்கை பேத்தியின் காதுகுத்துக்குப் போயிருந்தார். அதனால் தனக்கோடி அவனைக் கரைப்பக்கம் நிற்கச் சொன்னான். எண்ணிக்கையை ஆரம்பிக்க வேண்டியவன் ஜானகிராமன். நீச்சல் குளத்தில் இரண்டு வருஷம் பிள்ளைகளின் தலைகளை எண்ணின பழக்கம். வாயில் தானாக வந்தது.

"ஒண்ணு."

கோர்வை ஒரு நொடி நின்றது. அவன் பிடித்திருந்த தனக்கோடியின் மணிக்கட்டு இறுகியது. பிறகு "ரெண்டு." "மூணு." லோகு மட்டும் கொஞ்சம் தாமதமாக, மூச்சு வாங்கிக்கொண்டு, "நாலு." ஓர் அலை வந்து உடைந்து கால்களுக்கிடையே மணலை இழுத்துக்கொண்டு திரும்பிப் போனது. அந்த இரைச்சல் அடங்கின இடத்தில், தொண்டையில் தண்ணீர் நின்றவன் பேசுவதுபோல, நிதானமாக, "அஞ்சு."

கரையில் யாரும் யாரையும் பார்க்கவில்லை. லோகு மணலில் குந்தி, இரண்டு கைகளையும் அக்குளில் செருகிக்கொண்டான்.

"அஞ்சு சொன்னது யாரு?" என்று கேட்டான் ஜானகிராமன்.

தனக்கோடி பனியனைக் கழற்றி உதறினான். "மொதல்ல நீ இன்னா சொன்ன?"

"ஒண்ணுன்னு."

"ஏன் சொன்ன?"

"எண்ணச் சொன்னா ஒண்ணுல இருந்துதானே அண்ணாத்த ஆரம்பிக்கணும்?"

ஜெபக்குமார்தான் சிரிக்க வேண்டியவன். அவன் சிரிக்கவில்லை. பீடியைப் பற்றவைக்க மூன்று குச்சி கிழித்தான், மூன்றும் அணைந்தன, பீடியைக் காதில் செருகிக்கொண்டு போய்விட்டான்.

மறுநாளிலிருந்து எல்லோரும் அவனிடம் பிரியமாக நடக்க ஆரம்பித்தார்கள்.

காத்தவராயன் வந்ததும் தனக்கோடி அவரைப் படகுக்குப் பின்னால் கூட்டிப்போய்ப் பேசினான். திரும்பி வந்தவர் ஜானகிராமனை ஏற இறங்கப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தான். "சாப்ட வா" என்றார். படகு நிழலில் அவனுக்கும் இடம் விட்டார்கள். அவர் வீட்டு வஞ்சிரக் குழம்பு, நடுத்துண்டு, அவன் தட்டில் விழுந்தது. தனக்கோடி முதுகில் பேர் அச்சடித்த புது பனியன் கொண்டுவந்து கொடுத்தான். ஏரி இல்லை, ஜானகிராமன் என்று முழுசாக. அவன் அதை அங்கேயே மாட்டிக்கொண்டான். மூன்று மாதம் பாடாய்ப்பட்டும் கிடைக்காதது ஒரு தப்புக்குக் கிடைத்திருக்கிறதே, இது என்ன கணக்கு என்று அவன் யோசித்திருக்கலாம். குழம்பு நன்றாக இருந்தது. யோசிக்கவில்லை.

"இன்னிலேர்ந்து நீ வெளிய நில்லு" என்றார் காத்தவராயன், கையைக் கழுவிக்கொண்டே. "லோகு உள்ள வந்துடட்டும். புள்ள பெத்தவன்."

அன்று சாயங்காலம் ஜானகிராமன் முதல்முறையாகக் கோர்வையின் கடைசியில் நின்றான். வலது கை லோகுவிடம், இடது கை தலைக்கு மேலே. இந்தக் கரையில் சூரியன் ஊருக்குப் பின்னால் விழும். கோயில் கோபுரத்தில் இன்னும் வெயில் இருக்கும்போதே கடல் கறுக்கத் தொடங்கிவிடும். மார்பளவுத் தண்ணீரில், வறுத்த மீன் வாசனையும் குதிரைச் சாண வாசனையும் கரையிலிருந்து கலந்து வர, இடது பக்கம் மட்டும் எந்த வாசனையும் இல்லாமல், பழைய கிணற்றை எட்டிப் பார்க்கும்போது முகத்தில் அடிக்கிற குளிர்ச்சி மட்டும் இருந்தது. லாபம், ரெண்டு, மூணு, நாலு என்று வந்தது. "அஞ்சு" என்றான்.

அலை. இரைச்சல். அடங்கியது.

"ஆறு."

ஐந்தாறு அடி தள்ளி. அங்கே தலை எதுவும் இல்லை. தண்ணீர்தான்.

"நடங்க" என்றார் காத்தவராயன்.

கரையேறியதும் டீக்கடை கண்ணகி அக்கா தட்டோடு வந்தார். தட்டில் ஆறு கிளாஸ் இருந்தது.

"அஞ்சு பேருதானே அக்கா" என்றான்.

"இன்னாப்பா, கையக் கோத்துகினு ஆறு பேரு வந்துகினு இருந்தீங்களே? கடையிலேர்ந்து பாத்தேனே." அவர் எல்லோரையும் ஒருதரம் பார்த்தார், பிறகு கடலைப் பார்த்தார். தனக்கோடி ஆறாவது கிளாஸை எடுத்து மணலில் கவிழ்த்துவிட்டு, காலிக் கிளாஸைத் தட்டில் வைத்தான். நிறையத் தடவை செய்த வேலைபோல இருந்தது.

பயம் வந்திருக்க வேண்டும். திருவிடந்தையில் எடுத்திருந்த ஒற்றை அறையில் படுத்துக்கொண்டு பயத்துக்காகக் காத்திருந்தான். வரவில்லை. குளத்தில் வேலை பார்த்த காலத்திலேயே அவனுக்கு இப்படி ஆகிவிட்டது. நாள் முழுக்க நீலத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு, யாரும் பேசாமல், பேசினால் 'பூல் பையா' என்று கூப்பிட, உள்ளே ஏதோ கொஞ்சம் கொஞ்சமாக மரத்துப்போயிருந்தது. இப்போது அது கைக்கும் வந்துவிட்டது. இடது மணிக்கட்டைச் சுற்றி, ஒரு விரற்கடை அகலத்துக்கு, தொட்டால் தெரியவில்லை. பக்கெட்டில் கையை விட்டால் தண்ணீர் சூடா பச்சையா என்று வலது கையை விட்டுத்தான் பார்க்க வேண்டியிருந்தது.

இரண்டாம் நாள் "ஆறு" நான்கு அடி தூரத்தில் வந்தது. மூன்றாம் நாள் அலை அடங்கும்வரை அது காத்திருக்கவில்லை. அவன் "அஞ்சு" சொல்லி வாய் மூடும் முன்பே வந்தது. முழங்கைவரை மரத்துவிட்டது. டீ கொட்டி, கை சிவந்து, கொப்புளம் கிளம்பியதை ஜெபக்குமார் சொல்லித்தான் பார்த்தான். ஜெபக்குமார் தன் வீட்டிலிருந்து தேங்காய் எண்ணெய் கொண்டுவந்து, ஒரு கிண்டலும் பண்ணாமல், தடவிவிட்டான்.

நான்காம் நாள் மத்தியானம் கொட்டகையில் லோகுவும் அவனும் மட்டும் இருந்தார்கள். சுவரில் பழைய போட்டோ ஒன்று: ஐந்து பேர், சிவப்பு பனியன். நால்வரைத் தெரியும். ஐந்தாவது ஆள் ஒல்லியாக, மீசையோடு, வலது கையில் தடித்த செப்புக் காப்பு போட்டிருந்தார். இவனுக்கு முன்னால் இங்கே வேலை பார்த்த ராமதாஸ். வேலையை விட்டுவிட்டார் என்று சேர்ந்த அன்றைக்கே சொல்லியிருந்தார்கள்.

"அவரும் ஒண்ணுன்னு சொன்னாரா?" என்று கேட்டான்.

லோகு செல்போனைக் கவிழ்த்து வைத்தான். "வூட்ல சண்ட. ஏதோ நெனப்புல சொல்ட்டாரு. நாம லாபத்துலேர்ந்து எண்ணுவோம். ஒண்ணுன்றது அதோடது. நீ அத எடுத்துட்டா, அது வந்து நம்ம வரிசைல நின்னுக்கும்."

"அது இன்னா?"

"தெரியாது. யாரு எடுத்தானோ அவன்தான் வெளிய நிக்கணும். வேற யாரு நின்னாலும் எல்லாருக்கும் பேஜாரு. வெளிக்கைய மட்டும் கீழ வுடாத. அதுக்குக் கை கெடைக்கக் கூடாது. ராமதாஸ் அண்ணன் பதினோரு நாளு தூக்கியே வச்சிகினு இருந்தாரு."

"அப்பறம்?"

"ஒரு பையன் முழுகிட்டான். கைய வுட்டுத்தானே தூக்கணும்?" லோகு எழுந்து வாசலைப் பார்த்தான். குரலைத் தாழ்த்தினான். "நீ போயிடு மச்சான். நாளைக்கு வராத. அண்ணங்கிட்ட நா சொல்லிக்கறேன்."

மச்சான் என்றான். ஜானகிராமன் அதைத்தான் கேட்டான், மற்றது எல்லாம் அதற்குப் பின்னால்தான் கேட்டது. போய்விடலாம். பஸ் ஏறினால் கேளம்பாக்கம். மறுபடி நீலத் தண்ணீர், பூல் பையா, தனியாகத் தயிர்சாதம். இங்கே உயிருக்கு ஆபத்து, அது அவனுக்கு நன்றாகத் தெரிந்தது. ஆனால் இங்கே அவனுக்கு முதுகில் பேர் இருந்தது. அவனுக்குப் போக மனசு வரவில்லை. கையைத் தூக்கியே வைத்திருந்தால் போதும், எத்தனை நாள்தான் அது வரும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

"நாளைக்குப் பாத்துக்கலாம் மச்சான்" என்றான். அந்த வார்த்தையைத் திருப்பிச் சொல்ல அவனுக்கு ஆசையாக இருந்தது.

ஆறாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. கூட்டம் நெரிந்தது. விசில் ஊதி ஊதி உதடு காய்ந்து, ஆறு மணிக்கு ஒருவழியாக எல்லோரையும் கரையேற்றிவிட்டு, கோர்வைக்கு நிற்கப்போன நேரத்தில் ஒரு பெண் மணலில் ஓடி வந்தாள். சேலை முழுக்க ஈரம்.

"சுஷ்மிதா! பாப்பா! மஞ்ச கவுன் சார், இங்கதான் நின்னுகினு இருந்தா, காணோம் சார்!"

கைகள் தாமாகக் கோத்துக்கொண்டன. கோர்வை நேராகக் கடலுக்குள் நீண்டது. கடைசியில் ஜானகிராமன். தோள் ஆழம். தண்ணீர் கலங்கி, டீ நிறத்தில். கால் துழாவியது. மணல். சிப்பி. ஒரு செருப்பு. பிறகு இடது பக்கம், கை எட்டும் தூரத்தில், தண்ணீருக்குள் மஞ்சளாக ஏதோ திரும்பியது.

"அங்க!" என்று கத்தினான்.

"கைய வுடு! புடி!" காத்தவராயனின் குரல்.

வெளிக்கை மேலே இருந்தது. ஆறு நாளாக மேலே இருந்த கை. யோசிக்க நேரமில்லை. அவனும் யோசிக்கவில்லை. பிள்ளை முழுகினால் கை கீழே போகும், அதற்குத்தான் அவன் சம்பளம் வாங்குகிறான். கையைத் தண்ணீருக்குள் விட்டான். பிடித்தான்.

மரத்த கையில் எதுவும் தெரியவில்லை. பிடித்தது பாரத்தில்தான் தெரிந்தது. இழுத்தான். பாரம் வந்தது.

கரையிலிருந்து கண்ணகி அக்காவின் குரல், அலைக்கு மேலே, தெளிவாக.

"கெடச்சிட்டா! பாப்பா எங்க கடைலதான் கீறா! சோளம் துன்னுகினு கீறா! வந்துடுங்க!"

மஞ்சள், ஒரு பிளாஸ்டிக் பை. அலையில் புரண்டு தள்ளிப் போனது.

இடது கையை அவன் மெதுவாகத் தூக்கினான். தண்ணீரின் மட்டத்துக்கு வந்தது. அவன் விரல்கள் ஒரு மணிக்கட்டைச் சுற்றியிருந்தன. அந்தக் கையின் விரல்கள் அவன் மணிக்கட்டைச் சுற்றியிருந்தன. கோர்வைப் பிடி. முறையான பிடி. வெளுத்து, ஊறி, தோல் சுருங்கிய கை. அதில் தடித்த செப்புக் காப்பு, பச்சை பிடித்து.

அந்தக் கையைத் தவிர வேறு எதுவும் தண்ணீரை விட்டு வரவில்லை.

"லோகு" என்றான். சத்தமாகச் சொன்னதாகத்தான் நினைத்தான்.

லோகு பார்த்தான். லோகுவின் வாய் திறந்தது.

"எண்ணு" என்றார் காத்தவராயன் கரைப்பக்கத்திலிருந்து. அவருக்கு ஏதும் தெரிந்திருக்க வழியில்லை. அவ்வளவு தூரம். ஆனால் குரல் உடைந்திருந்தது. "லாபம்."

"ரெண்டு."

"மூணு."

"நாலு" என்றான் லோகு. அழுதுகொண்டிருந்தான்.

"அஞ்சு" என்றான் ஜானகிராமன்.

"ஆறு." அவன் பிடித்திருந்த கைக்குக் கீழே, தண்ணீருக்குள்ளிருந்து. குமிழி வந்தது.

"ஏழு." அதற்கு அப்பால். வேறு குரல்.

"எட்டு." பெண் குரல்.

"ஒம்போது." சின்னக் குரல். பையன்.

பத்து. பதினொண்ணு. இருட்டிக்கொண்டு வரும் கடலுக்குள், ஒவ்வொன்றாக, தூரமாக. எங்கே முடிகிறது என்று கேட்டுக்கொண்டே நின்றான். முடியவில்லை. காதுக்கு எட்டாமல் போனது, அவ்வளவுதான்.

"வுடு லோகு" என்றார் காத்தவராயன்.

லோகு விடவில்லை. இறுக்கிப் பிடித்தான். வலது கையில் மட்டும் ஜானகிராமனுக்கு இன்னும் உணர்வு இருந்தது. லோகுவின் கையின் சூடு தெரிந்தது, நகம் பதிவது தெரிந்தது.

"புள்ள கீதுடா உனுக்கு. வுடு."

"மன்னிச்சுடு மச்சான்" என்றான் லோகு.

சூடு போய்விட்டது.

அவர்கள் நான்கு பேர் கரையை நோக்கிப் போனார்கள். கையை விடாமல், வரிசையாக. முழங்கால் ஆழத்தில் நின்று மறுபடி எண்ணினார்கள். லாபம். ரெண்டு. மூணு. நாலு. அதோடு நின்றது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. கண்ணகி அக்கா தட்டோடு மணலில் இறங்கி வந்தார். இங்கிருந்தே அவனால் கிளாஸ்களை எண்ண முடிந்தது.

நாலு.

கத்தலாம் என்று தோன்றியது. எதற்கு என்று தெரியவில்லை. மரப்பு தோளைத் தாண்டிக் கழுத்துக்கு வந்திருந்தது. வலி இல்லை. குளிர்கூட இல்லை.

அப்போது கடலின் அந்தக் கோடியிலிருந்து எண்ணிக்கை திரும்பி வர ஆரம்பித்தது.

"ஒண்ணு."

ரொம்பத் தூரம். மனுஷக் குரல் இல்லை அது.

"ரெண்டு." "மூணு." ஒவ்வொரு அலைக்கும் ஒன்று. கிட்டே. இன்னும் கிட்டே. பெண் குரல். பையன் குரல். தண்ணீர் கழுத்துக்கு வந்தது. தாடைக்கு வந்தது. செப்புக் காப்பு போட்ட கை அவன் மணிக்கட்டை ஒருதரம் அழுத்தியது, புது ஆளுக்குச் சொல்வதுபோல.

"பதினாறு" என்றார் ராமதாஸ்.

அடுத்தது யார் என்று அவனுக்குத் தெரிந்தது. காத்திருந்தார்கள். அவ்வளவு பேரும், அவனுக்காக.

"பதினேழு" என்றான் ஜானகிராமன். வாயில் தண்ணீர் நிறைந்தது.

அவனுடைய வலது கைதான் இப்போது வெளிக்கை. அது மேலே போகவில்லை. தண்ணீருக்கு அடியில், தரையை ஒட்டி, கரையில் நடந்துகொண்டிருந்த கால்களை நோக்கி மெல்ல நீண்டு, விரல்களை விரித்துக்கொண்டு நின்றது.